ஒற்றை இழைக் கவ்சுவே

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், பழைய ஐஸ் கம்பெனியைத் தாண்டி இருக்கிற எங்கள் பர்மா காலனியில் இருநூற்றுப் பதினோரு பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள். அது ஜூன் ஒன்றாம் தேதி. ஏனென்றால், ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து இறங்கிய எங்கள் குடும்பங்களை முகாமில் வரிசையாக நிறுத்திப் பெயர் எழுதிய அதிகாரி, பிள்ளை எப்போது பிறந்தது என்று கேட்டதற்கு, எங்கள் தாய்மார்கள் "புத்தர் கோயில்ல விளக்கு வச்ச மறுநாள்" என்றும், "ஆத்துல வெள்ளம் வடிஞ்ச வாரம்" என்றும், "பக்கத்து வீட்டுச் சீனக்காரர் புது அடுப்பு போட்ட அன்னிக்கு" என்றும் பதில் சொல்ல, மூன்று குடும்பம் வரைக்கும் பொறுமையாகக் கேட்ட அந்த நல்ல மனிதர், நாலாவது குடும்பத்திலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் திறக்கிற தேதியையே எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எங்களுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் அன்றைக்குக் கம்பெனி நூடுல்ஸ் வாங்கி, முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணியும் விட்டுக் கையால் பிசைந்து அத்தோ செய்வோம், வாழைத்தண்டு சூப் வைப்போம், ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லி முடிக்கவே சாயங்காலம் ஆகிவிடும்.

அந்த இருநூற்றுப் பதினோரு பேரில் ஒருவர் என் எதிர்வீட்டு அருணகிரி. ஊரில் அவர் முகம் தெரியாதவர்கள் உண்டு, குரல் தெரியாதவர்கள் கிடையாது. காதர் பாயின் ஆட்டோ தலையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் தண்ணீர் வராத நாளையும், கரண்டு போகிற நேரத்தையும், யார் வீட்டில் கல்யாணம் யார் வீட்டில் சாவு என்பதையும் ஊருக்குச் சொல்லிக்கொண்டு போகிறவர் அவர். கிழமையும் தேதியும் தப்பாகச் சொல்லிவிட்டால் பாடை வருவதற்குள் மாலை வாடிவிடும் என்பது அவர் கொள்கை. அதனால் வீட்டிலும் அவருக்குத் திருத்தும் வியாதி இருந்தது, அந்த வியாதிக்கு அவர் மனைவி நாகரெத்தினம் இருபத்தாறு வருஷமாகத் தீனி போட்டு வந்தாள்.

எப்படி என்றால், அவர்கள் முதன்முதலில் பார்த்துக்கொண்ட கதையை நாகரெத்தினம் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவாள், அதை அவளால் தனியாகச் சொல்ல முடியாது. "அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை" என்று தொடங்குவாள். "புதன்" என்பார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். "நல்ல மழை" என்பாள். "தூறல்கூட இல்ல." "நான் பச்சைத் தாவணி கட்டிக்கிட்டுக் குழாயடியில நிக்கிறேன்." "நீலம்." "இவரு சைக்கிள்ல மைக்கைக் கட்டிக்கிட்டு வந்து, இன்னிக்குத் தண்ணி வராதுன்னு கத்துறாரு, அவரு கத்தும்போதே குழாய்ல தண்ணி கொட்டுது, நான் சிரிச்சிட்டேன்." அந்த இடத்தில் மட்டும் அவர் திருத்த மாட்டார். நாங்கள் எல்லாரும் அந்த இடத்துக்காகத்தான் காத்திருப்போம். தெரிந்த கதைதான், ஆனால் கோயில் பிரசாதம் மாதிரி, எத்தனை தடவை கொடுத்தாலும் கை நீட்டுவோம்.

இப்படிச் சிரித்த முகமாக இருந்த நாகரெத்தினத்துக்கு, அருணகிரிக்கு நாற்பத்தொன்பது பிறந்த அன்றிலிருந்து தேதி கிழிக்கவே பயம் வந்தது. அருணகிரியின் தாத்தா ரங்கூனில் நாற்பத்தொன்பதாவது வயதில் படிக்கட்டில் உட்கார்ந்தபடி போனார். அப்பா இதே காலனியில், நாற்பத்தொன்பது முடிய இரண்டு மாதம் இருக்கையில், தண்ணீர் கேட்டு அது வருவதற்குள் போனார். அண்ணனும் அதற்கு முந்தின வருஷம் அதே வயதில் அதே மாதிரி போக, காலனியே அவர்களை ஐம்பதைத் தொடாத குடும்பம் என்று முதுகுக்குப் பின்னால் சொல்லத் தொடங்கிவிட்டது. சுவர் பக்கத்து வீட்டு ஜெனோவா டீச்சர் ஒருத்திதான் முகத்துக்கு நேராகப் பேசினாள்.

"நாகரெத்தினம், அவங்க வயசையும் அந்த ஆபீஸர்தானே குத்துமதிப்பா எழுதினாரு? உங்க மாமனாருக்கு அப்ப அறுபதே ஆகியிருக்கலாம்."

"இருக்கலாம்னா என்ன டீச்சர், இருந்துச்சா?"

டீச்சர் தன் வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அருணகிரியோ, "சாவுன்னா எனக்குத் தெரியாம வந்துருமா? அறிவிப்புக் குடுக்க என்கிட்டதான வரணும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விடுவார்.

நாகரெத்தினத்தின் அம்மா ரங்கூனை விட்டு வரும்போது, கப்பலில் ஏற்றவிட்ட கொஞ்ச நஞ்சச் சாமான்களோடு, அண்டைவீட்டுச் சீனக் குடும்பத்தின் ஒரு வழக்கத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்: பிறந்தநாளைக்குக் கவ்சுவே சாப்பிட வேண்டும், அதாவது முட்டை நூடுல்ஸ், அதன் இழையை வெட்டக் கூடாது, பல்லால் கடித்தும் அறுக்கக் கூடாது, இழை எவ்வளவு நீளமோ ஆயுசும் அவ்வளவு நீளம். கம்பெனி நூடுல்ஸை நம்பி இதைச் செய்ய முடியாது. பொட்டலத்துக்குள்ளேயே அது முழம் முழமாக ஒடிந்துதான் வருகிறது. ஆகவே அருணகிரிக்கு ஐம்பது நிறைகிற அந்த ஜூன் ஒன்றாம் தேதி விடியற்காலையில், நாகரெத்தினம் தலைக்குக் குளித்து, மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்று, "தாயே, இவர் வாயில போற இழை, ஐம்பது தாண்டுற வரைக்கும் அறுபடக் கூடாது" என்று வேண்டிக்கொண்டு, அரைக்கிலோ மைதாவைச் சாப்பாட்டு மேசையில் குவித்து நடுவில் குழி பறித்தாள்.

குழிக்குள் ஐந்து முட்டையை உடைத்து ஊற்றினாள், ஒரு கரண்டி எண்ணெய் விட்டாள், வேண்டுதலிலேயே மனம் நின்றுவிட்டதால் உப்பு போட்டோமா இல்லையா என்று தெரியாமல் சந்தேகத்துக்கு ஒரு சிட்டிகை போட்டாள், விரலால் கலக்கினாள், பிறகு உள்ளங்கையால் தள்ளி மடித்து, தள்ளி மடித்து, முதலில் பிடிவாதமாகப் பொடிப்பொடியாக உதிர்ந்த மாவு மெல்ல மெல்லச் சொன்ன பேச்சுக் கேட்டு, கடைசியில் காது மடல் மாதிரி மெத்தென்று ஆகிற வரைக்கும் முக்கால் மணி நேரம் பிசைந்தாள். ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் மூடி வைத்தாள். அப்புறம் சோளமாவு தூவி, மேசை கொள்கிற மட்டும் பெரிய வட்டமாகத் தேய்த்தாள். இழை நீளமாக வர அவள் அம்மா செய்த வழி ஒன்று உண்டு. வட்டத்தின் ஓரத்தில் கத்தியை வைத்து, எடுக்காமல், சுற்றிச் சுற்றி உள்நோக்கி வெட்டிக்கொண்டே போனால் நடுவில் வந்து முடியும், ஒரு வட்டம் மாவும் ஒரே இழையாகக் கழன்று வரும்.

நாகரெத்தினம் சுற்றிச் சுற்றி வெட்டினாள். கழன்ற இழையை ஒரு கையால் கொதிக்கிற தண்ணீரில் விட்டாள், வெந்து மிதந்ததைக் கரண்டியால் தூக்கிக் கிண்ணத்தில் போட்டாள், அதன் நுனியை எடுத்து, குளித்துத் திருநீறு பூசி உட்கார்ந்திருந்த அருணகிரியின் வாயில் வைத்தாள். அவர் உறிஞ்சத் தொடங்கினார். அவள் வெட்டினாள், அவர் உறிஞ்சினார், அவள் வெட்டினாள், அவர் உறிஞ்சினார், மணி எட்டானது, ஒன்பதானது, மேசையில் இருந்த வட்டம் எவ்வளவு வெட்டினாலும் முதலில் இருந்த அளவுக்கே இருந்தது. அவர் வயிறு நிறைந்து கையைக் காட்டியபோது, இழை அவர் உதட்டிலிருந்து கிண்ணத்துக்கும், கிண்ணத்திலிருந்து சட்டிக்கும், சட்டியிலிருந்து மேசைக்கும் ஓடிக்கொண்டிருந்தது, கத்தி நடுவுக்கு வந்தபாடில்லை.

"கடிச்சிராதீங்க" என்றாள் நாகரெத்தினம்.

அவர் தலையை ஆட்டினார். அவருக்கு நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, மனைவி கண்ணில் இருந்த பயம் அவருக்குத் தெரிந்தது. வாயில் இழையோடு எழுந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணிக்குக் காலனிக்குத் தெரிந்துவிட்டது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் விஷயத்தைக் கேட்டார்கள், மேசையைப் பார்த்தார்கள், சட்டியைப் பார்த்தார்கள், "மாவு நல்லா வந்திருக்கு" என்றார்கள். எங்கள் ஆட்கள் இரண்டு நாட்டில் வாழ்ந்து பார்த்தவர்கள், சுலபத்தில் வாயைப் பிளக்க மாட்டார்கள். ஜெனோவா டீச்சர் மட்டும், இழை காய்ந்தால் ஒடிந்துவிடுமே என்று கவலைப்பட்டு, பூண்டு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு நீளத்துக்கும் தடவிவிட்டாள். மூன்று நாளைக்குள் எல்லாம் பழக்கமாகிவிட்டது. வெந்து கிடக்கிற இழையைத் துணி காயப்போடும் கொடியில் சுற்றி வைத்தார்கள், அவர் கொல்லைப்பக்கம் போகும்போது தேவையான அளவு அவிழ்த்துவிட்டார்கள், திரும்பி வந்ததும் சுற்றிக்கொண்டார்கள். தூங்கும்போது உதட்டோரமாக இழை தொங்கியது. வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை என்பதால், அன்று முழுக்க விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டு மட்டும் இருந்தார், மறுநாள் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒருநாள் தேங்காய்ப்பால் குழம்பில், ஒருநாள் வாழைத்தண்டு சூப்பில், ஒருநாள் வெறும் வறுத்த வெங்காயத்தில் என்று வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொண்டுவந்து அந்த இழையை நனைத்தோம். முட்டையும் மைதாவும் அத்தனை நாள் கெடாமல் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் கேட்கவில்லை.

நாங்கள் கேட்டது வேறு. ஜூன் ஒன்றாம் தேதி போய்விட்டதே, ஐம்பது தாண்டியாயிற்றே, இழை ஏன் இன்னும் முடியவில்லை? இதற்கு விடையைக் கண்டுபிடித்தவர் காதர் பாய்தான். அவருக்கும் பிறந்தநாள் ஜூன் ஒன்று. "அட, ஜூன் ஒண்ணு நம்மள எழுதின நாளுல்ல? பொறந்த நாளா அது?" என்றார்.

நாகரெத்தினம் கையில் கத்தியோடு அப்படியே நின்றுவிட்டாள். எழுதிய தேதியை நம்பி இத்தனை வருஷம் வாழ்ந்ததில், அது எழுதிய தேதி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. எங்களுக்கும்தான். மாமியார் உயிரோடு இருந்த காலத்தில், "நாலு நாள் விடாம மழை பேஞ்சு, மொத வெயில் அடிச்ச காலையில பொறந்தான்" என்று சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. அது ரங்கூன் மழை. அங்கே அது ஜூனிலும் பெய்யும், ஆகஸ்டிலும் பெய்யும். அருணகிரியின் ஐம்பது எந்த நாளில் காத்துக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது வருகிற வரைக்கும் இழை போகும், இழை போகிற வரைக்கும் அவர் கடிக்கக் கூடாது, கணக்கு அவ்வளவுதான்.

இது தெரிந்ததும் காலனியில் ஒரு பரபரப்பு வந்தது. ஆளாளுக்குத் தங்கள் சொந்தப் பிறந்தநாளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டு, நாற்பது வீட்டில் மாவு பிசைந்தார்கள், சுற்றிச் சுற்றி வெட்டினார்கள். எல்லாருடைய கத்தியும் ஒழுங்காக நடுவில் போய் நின்றது. என் வீட்டு இழை பதினெட்டு அடி. எண்பது வயசு ராமுத்தாய்ப் பாட்டியின் இழை வெறும் ஒன்பது அடிதான் வந்தது, அவர் அதை இரண்டு வாயில் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் போடு" என்றார். இரண்டு நாளில் அந்த ஆசை அடங்கி, அவரவர் ஜூன் ஒன்றுக்கே திரும்பி வந்துவிட்டோம்.

அருணகிரி வாய் திறந்து அறிவிக்க முடியாததால் ஊர்தான் தடுமாறியது. காதர் பாய் ஒரு கேசட்டில் வேறு யாரையோ பேச வைத்து ஓட்டிப் பார்த்தார். அந்த ஆள் மேலத்தெருக் கல்யாணத்தைக் கீழத்தெருவுக்கு மாற்றிச் சொல்லி, தண்ணீர் வராத நாளில் வருமென்று சொல்ல, ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அருணகிரியே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார், சும்மா முகத்தையாவது காட்டி வரலாம் என்று. மடியில் ஒரு அண்டா இழை, பின்னால் காலனி நெடுகக் கொடிக்கம்புகளைப் பிடித்தபடி நாங்கள், மாடு வாய் வைக்காமல் இழையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ரயில்வே கேட்டில் தண்டவாளத்துக்கு மேலே இழை போய்க்கொண்டிருந்தபோது கேட் கீப்பர் பச்சைக்கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பத்து நிமிஷத்துல பாசஞ்சர் வருது, அண்ணன் ஆயுசு எந்தப் பக்கம் இருக்கணும்னு சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்றார். ஆட்டோவைப் பின்னுக்கே எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

அதற்கப்புறம் அவர் வெளியே போகவில்லை. மகள் சுகுணா கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணுவாள். "அப்பா" என்பாள். இவர் "ம்" என்பார். "சாப்பிட்டீங்களாப்பா?" "ம்." சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார் என்பது அவளுக்கும் தெரியும், ஆனாலும் கேட்பாள், பிறகு போனை வைக்காமல் கொஞ்ச நேரம் அழுவாள். மகள் ஒன்றாம் வகுப்பில் வைத்திருந்த சிலேட்டைத் தேடி எடுத்து, சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் அதில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். நாகரெத்தினம் முதல் வாரம் படித்தாள். பிறகு அவளுக்கு நேரமில்லாமல் போயிற்று. வெட்டி வெட்டி மணிக்கட்டு வீங்கியிருந்தது, விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு வெட்டினாள்.

இருபத்திரண்டாம் நாள், கொடியடியில் ஜெனோவா டீச்சரிடம் அவள் சொன்னதை நானும் கேட்டேன்.

"அவரு இருக்காரு டீச்சர். நான் கேட்டது அதத்தான். கண்ணு முன்னாடி உக்காந்திருக்காரு, மூச்சு விடறாரு, ராத்திரி எந்திரிச்சுத் தொட்டுப் பாக்குறேன், சூடா இருக்காரு. ஆனா வீட்ல யாருமே இல்லாத மாதிரி இருக்கு. நான் சொல்றது எல்லாம் சொன்னபடியே கெடக்குது. திருப்பி ஒரு சொல்லு வர மாட்டேங்குது."

"அப்ப கடிக்கச் சொல்லிரு."

"சொல்லிட்டு? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, என் வாயால சொன்னேனேன்னு நான் இருந்துருவேனா?"

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். நான் அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கொடி இழைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன், அன்று எங்கள் முறை. நாகரெத்தினம் முதுகைக் காட்டியபடி மேசையில் வெட்டிக்கொண்டிருந்தாள், பின்னால் அருணகிரி நாற்காலியில் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். கேட்க யாருமில்லாத மாதிரி, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, அவள் அந்தப் பழைய கதையைச் சொல்லத் தொடங்கினாள்.

"அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை" என்றாள், வழக்கம்போல ஒரு கணம் நிறுத்தினாள். சிலேட்டில் பல்பம் கிறீச்சென்றது. அவள் திரும்பவில்லை.

"நல்ல மழை." மறுபடி கிறீச். நாற்காலி முனகியது. அவர் சிலேட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஆட்டினார். அவள் பார்த்தால்தானே?

"நான் பச்சைத் தாவணி கட்டிக்கிட்டு நின்னேன். இவரு சைக்கிள்ல வந்து, தண்ணி வராதுன்னு கத்துறாரு. கொழாய்ல தண்ணி கொட்டுது." வீங்கின கையால் கத்தியை நகர்த்திக்கொண்டே, அலுப்பான குரலில், அவள் சொன்னாள்: "இவருதான் மொதல்ல சிரிச்சாரு."

நான் எண்ணெய்ப் பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் அந்த வரி அப்படி வந்ததே இல்லை.

அருணகிரியின் முகம் சிவந்தது. சிலேட்டை மடியில் வைத்தார். தன் உதட்டிலிருந்து புறப்பட்டுக் கிண்ணத்துக்கும் கொடிக்கும் சட்டிக்கும் மேசைக்கும் போய்க்கொண்டிருந்த இழையை ஒரு தடவை நீளத்துக்கும் பார்த்தார், முதுகு காட்டி நின்ற மனைவியைப் பார்த்தார், பிறகு பல்லைக் கடித்தார். இழை அறுந்து மடியில் விழுந்தது. வாயிலிருந்ததை விழுங்கினார்.

"புதன்கிழமை. மழை இல்ல. நீலத் தாவணி" என்றார் அருணகிரி. இருபத்திரண்டு நாள் பூட்டிக் கிடந்த குரல், துருப்பிடித்த கேட் மாதிரி வந்தது. "மொதல்ல சிரிச்சது நீ. நான் வெக்கப்பட்டு நின்னேன். அதப் போயி மாத்துறியே, நாகு."

நாகரெத்தினம் திரும்பினாள். கத்தி கையிலேயே இருந்தது, மேசையில் வட்டம் முழுக்க வெட்டி முடிந்து, நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மாவு மட்டும் மிச்சம் கிடந்தது. அவள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவர் நெஞ்சில் கை வைத்தாள், நெற்றியில் வைத்தாள், கழுத்தில் வைத்தாள். "படுங்க" என்றாள். "தண்ணி வேணுமா" என்றாள், அவர் அப்பா தண்ணீர் கேட்டுப் போனது ஞாபகம் வந்து, "வேணாம், கேக்காதீங்க" என்றாள்.

"ஏன் படுக்கணும்? மூணு வாரமா ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன். மாவுல உப்புக் கம்மி."

அவள் அவர் காலடியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், அழுகை நடுவில் சிரிப்பும் வந்தது, எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியாது, அதைத் திருத்த நான் யார்.

அப்புறம் அவர் பேசினார். சேர்த்து வைத்ததையெல்லாம் பேசினார். கேசட்டில் பேசின ஆளின் தப்புகளை ஒன்றொன்றாக எடுத்து வைத்தார், ஜெனோவா டீச்சர் வைத்த தேங்காய்ப்பால் குழம்பு மற்ற எல்லாருடையதையும்விட நன்றாக இருந்தது என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிப் பகையைச் சம்பாதித்தார், சுகுணாவுக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பேசினார், கடிக்காமல் தூங்குவது எப்படி என்று விளக்கினார், நாகரெத்தினத்தின் மணிக்கட்டைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "உன் கை வீங்கறதப் பாத்துக்கிட்டு, வாய மூடிக்கிட்டு இருந்தேனே" என்று சொல்லி அழுதார், உடனே வேறு கதைக்குப் போனார். கொடியில் கிடந்த மிச்ச இழையை நாங்கள் இறக்கி, முழம் முழமாக வெட்டி, தாராளமாக உப்புப் போட்டு, காலனி முழுக்கப் பகிர்ந்து சாப்பிட்டோம். விளக்கு வைக்கிற நேரம் வரை அவர் நிறுத்தவில்லை, அவள் எழுந்திருக்கவும் இல்லை. அன்றைக்கும் அடுத்து வந்த நாட்களிலும் அவள் அவரை அடிக்கடி தொட்டுப் பார்த்தாள், போகப் போகத் தொடுவது குறைந்தது, பேச்சுக்கு நடுவே "போதும், கொஞ்சம் மூச்சு விடுங்க" என்று சொல்லுகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாயா என்று டீச்சர் பிறகு ஒருநாள் அவளைக் கேட்டாள். "அசதியில ஞாபகம் பிசகிருச்சு டீச்சர்" என்றாள் நாகரெத்தினம். டீச்சர் நம்பினாள். நான் நம்பவில்லை.

அது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. காதர் பாய் புது ஆட்டோ வாங்கிவிட்டார், அருணகிரி அதில் ஏறி இன்றைக்கும் தண்ணீர் வராத நாளை ஊருக்குச் சொல்லிக்கொண்டு போகிறார், காலனிக் குழாய் இன்றைக்கும் அவர் சொல்லும்போதே கொட்டுகிறது. ஜூன் ஒன்றாம் தேதி நாகரெத்தினம் வீட்டிலேயே கவ்சுவே செய்கிறாள், வட்டத்தை மடித்து வைத்து, டக் டக்கென்று சின்னச் சின்னதாக வெட்டி, உப்பை இரண்டு தடவை ருசி பார்த்து. அருணகிரிக்கு உண்மையில் ஐம்பது நிறைந்த நாள் எது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் ஜூனிலோ ஜூலையிலோ, ஏதோ ஒரு வாக்கியத்தின் நடுவில் அது அவரைக் கடந்து போயிருக்கும். பேசிக்கொண்டிருந்த அவரும் கவனிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்த அவளும் கவனிக்கவில்லை.